கேலண்டர் வேலைக்குப் புதியவர்களுக்கு: ரப்பரையும் துணியையும் சோதிக்கும் முறை, குறையைத் தேடிப் பிடிக்கும் வழி

ரப்பரைத் தகடாக்கித் துணிமேல் ஏற்றும் உருளை இயந்திரமான கேலண்டரில் ஓடிவரும் துணியில் கொப்புளம் தெரிந்ததும் எல்லோர் கண்ணும் இயந்திரத்தின் மேல்தான் போகும். உருளைச் சூட்டைக் கூட்டு, இடைவெளியைக் குறை, வேகத்தைத் தணி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் கொப்புளம் குறையாது. போதாக்குறைக்குக் கனமும் கெட்டுப்போயிருக்கும். கடைசியில் விசாரித்தால், உறை பிரிந்து ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த துணிச் சுருள் ஈரத்தைக் குடித்திருக்கும்.

கேலண்டரில் கண்ணுக்குத் தெரிகிற குறைகளில் பெரும்பகுதி காம்பவுண்டோ (கந்தகம் முதலியவை கலந்த ரப்பர்) துணியோ கூடவே கொண்டுவந்தவை. இயந்திரம் அவற்றை விரித்துப் பரப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பொத்தான்களையும் திருகுகளையும் பிறகு பழகிக்கொள்ளலாம். சரக்கைப் பார்க்கும் கண் முதலில் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சூடேற்றிய கனத்த இரும்பு உருளைகள், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு, ஒன்றையொன்று நெருங்கிச் சுழலும். 1836-இல் அமெரிக்காவில் எட்வின் சேஃபி காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை: மென்மையாக்கிய ரப்பரை உருளைகளின் இடுக்கில் நசுக்கித் தகடாக்குவது, அல்லது துணிமேல் ஏற்றுவது. துணி வேலையில் இரண்டு வகை உண்டு. உருளைகளின் வேகத்தில் வேறுபாடு வைத்து ரப்பரைத் துணியின் கண்களுக்குள் தேய்த்துச் செலுத்துவது ஃபிரிக்‌ஷன். துணியும் உருளையும் ஒரே வேகத்தில் ஓட, மேலே ஒரு படலமாக ரப்பரைப் படியவைப்பது ஸ்கிம். டயர் துணிக்கு நான்கு உருளைக் கேலண்டரில் இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் ஸ்கிம் ஏறிவிடும்.

முதல் படி: காம்பவுண்டை விசாரிப்பது

மிக்சிங் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் (ஒரு தடவையில் கலந்த சரக்கு) நான்கு எண்கள் கூடவே வர வேண்டும்: அடர்த்தி, மூனி பாகுநிலை, ஸ்கார்ச் நேரம், ரியோமீட்டர் வளைவு (சூட்டில் ரப்பர் இறுக இறுக முறுக்குத் தடை எப்படி ஏறுகிறது என்ற வரைபடம்). எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று டிக் போடுவதோடு நிறுத்தாதீர்கள். நான்கையும் சேர்த்துப் படித்தால் பேட்ச்சுக்கு என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்.

மூனி சோதனையில் 100 டிகிரி செல்சியஸில் 1 நிமிடம் சூடேற்றி, 4 நிமிடம் சுழற்றி, அந்த நேரத்து முறுக்குத் தடையைக் குறிக்கிறார்கள். அதே கருவியைக் கூடுதல் வெப்பத்தில், வழக்கமாக 121 அல்லது 125 டிகிரியில், ஓடவிட்டு, தடை அதன் அடிமட்டத்திலிருந்து 5 அலகு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது ஸ்கார்ச் நேரம். காம்பவுண்ட் வேகத் தொடங்குவதற்கு (சூட்டில் கந்தகத்தோடு சேர்ந்து இறுகுவதற்கு) முன் உங்களுக்கு எவ்வளவு அவகாசம் மிச்சம் என்பதை அது சொல்கிறது.

இனி சேர்த்துப் படிப்போம். மூனி கூடியிருந்து ஸ்கார்ச் நேரம் குறைந்திருந்தால், அந்த பேட்ச் எங்கோ சூட்டில் கிடந்து பாதி வெந்திருக்கிறது. கேலண்டருக்கு அனுப்பக் கூடாது. மூனி கூடியிருந்தும் ஸ்கார்ச் நேரம் சரியாக இருந்தால், கலவை போதாமல் விட்டிருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம். மறுபடி ஒருமுறை மில்லில் (ரப்பரைப் பிசையும் இரட்டை உருளை இயந்திரத்தில்) ஓட்டினால் தேறக்கூடும். அடர்த்தி சரி, மூனியும் சரி, ஆனால் ரியோமீட்டரில் உச்ச முறுக்கம் தாழ்ந்திருக்கிறது என்றால் கந்தகமோ ஆக்ஸிலரேட்டரோ (வேகவைப்பதை விரைவாக்கும் பொருள்) எடையில் தவறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இந்த வகைக் குறை கேலண்டரில் துளிகூடத் தெரியாது. தகடு பளிங்கு மாதிரி வரும். பொருள் வெந்து வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதனாலேயே ரியோமீட்டர் வளைவு வராத பேட்ச்சைத் தொடாதீர்கள் என்கிறேன்.

ஸ்கார்ச் அவகாசம் ஒரு முறை செலவழிந்தால் திரும்பி வராது. மிக்சரில் கொஞ்சம், வார்ம்-அப் மில்லில் கொஞ்சம், ஃபீட் மில்லில் கொஞ்சம், கேலண்டர் இடுக்கில் கொஞ்சம் என்று கரைந்துகொண்டே போகும். கரை வெட்டிய துண்டுகளை மீண்டும் மில்லில் போடும்போது, அவை ஏற்கெனவே இத்தனை சூட்டையும் கண்டவை என்பதை மறக்கக் கூடாது. திரும்பும் சரக்கைச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மணி நேரம் சேர்க்காமல் ஓட்டிவிட்டு, அடுத்த கால் மணியில் மூட்டையாகக் கொட்டுவதுதான் வினை. விகிதம் சிறியதாகவும், ஓட்டம் முழுக்க ஒரே சீராகவும் இருக்க வேண்டும். துணி இழை ஒட்டிய துண்டு எந்தக் காரணத்துக்காகவும் திரும்பிப் போகக் கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க, பேட்ச்-ஆஃப் தொட்டியில் சோப்பு அல்லது தாதுப்பொடிக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அது நன்றாக உலராமல் மடித்து வைத்திருந்தால் மடிப்புக்குள் தண்ணீர் நிற்கும். கையால் மடிப்பை விரித்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்று ஈரம் தெரிந்தால், அது நேராகக் கேலண்டர் கொப்புளமாகப் போகிறது. வெள்ளைப்பொடி திட்டுத்திட்டாகத் தங்கியிருந்தால் அதுவும் கெடுதல்தான். கலந்து மறையாத பொடி, ரப்பர் ரப்பரோடு ஒட்டுவதைத் தடுக்கும்.

கலந்தவுடன் சூட்டோடு கொண்டுவந்து ஓட்டுவதும், பழைய சரக்கை மூலையில் மறந்துவிட்டுப் புதியதை எடுப்பதும் ஒரே அளவுக்குத் தப்பு. கலவைக்கு ஓய்வு வேண்டும். அதன் நேரத்தை உங்கள் ஆலையின் விவரக்குறிப்பு சொல்லும். ஓய்வு முடிந்ததும் முந்தியது முந்திப் போக வேண்டும்.

கந்தகப் பூப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காம்பவுண்டில் கரைந்து நிற்கக்கூடிய அளவுக்கு மேலே இருக்கும் கந்தகம், ஆறிய பிறகு மேற்பரப்புக்கு வந்து வெளிறிய படிவமாக நிற்கும். அது வந்துவிட்டால் ஒட்டும் தன்மை போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் ஸ்கிம் காம்பவுண்டுகளில் ரப்பரில் கரையாத வகைக் கந்தகத்தைப் போடுகிறார்கள். ஆனால் அந்த வகையும் கடும் சூட்டில் சாதாரணக் கந்தகமாக மாறிவிடும். 110 டிகிரியைத் தாண்டத் தாண்ட மாற்றம் வேகமெடுக்கும். எனவே பூப்பு கண்டால், கந்தகம் போட்ட கடைசிக் கலவையில் வெப்பம் எவ்வளவு ஏறியது, மில்லில் சரக்கு எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: துணியை விசாரிப்பது

புதியவர்கள் பெரும்பாலும் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் துணியை நம்பிவிடுகிறார்கள். துணிதான் கூடுதல் கவனம் கேட்பது.

ஈரத்தில் தொடங்குவோம். இழைக்கு இழை இது மாறும். சாதாரணக் காற்றில் வைத்தாலே நைலான் ஏறத்தாழ 4 சதவீதம் ஈரம் ஏற்கும். பருத்தி 7, 8 சதவீதம். ரேயான் அதையும் தாண்டி 12, 13 வரை. பாலியெஸ்டர் மட்டும் அரை சதவீதத்துக்கும் கீழே நிற்கும். அதனால் பாலியெஸ்டர் ஓட்டிப் பழகியவர் அதே பழக்கத்தில் நைலானை ஓட்டினால் மாட்டிக்கொள்வார். ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த ஆவி ரப்பர் படலத்துக்கு அடியில் மாட்டினால் வேறு எங்கே போகும்? படலத்தைத் தூக்கிக் கொப்புளமாகத்தான் நிற்கும்.

சோதனை எளிது. சுருளின் மேல் அடுக்கை விட்டுவிட்டு, உள்ளே சில சுற்று தள்ளி ஒரு துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி, ஈரம் ஏறாமல் ஆறவிட்டு மறுபடி எடை போடுங்கள். 50.00 கிராம் 48.90 ஆனால் ஈரம் 2.2 சதவீதம். உலர்த்தும் டிரம்களைத் தாண்டிக் கேலண்டருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் 1 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். டிரம்முக்கும் இடுக்குக்கும் நடுவே துணி நீண்ட தூரம் திறந்த காற்றில் போனால், அந்த இடைவெளியிலேயே மறுபடி ஈரம் ஏறும். வேலை நடுவே இயந்திரம் நின்றால், அங்கே தொங்கிய துணியை நல்ல துணி என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது டிப். நைலானும் பாலியெஸ்டரும் தாமாக ரப்பரோடு ஒட்டாது. ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேடெக்ஸ் மூன்றும் சேர்ந்த ஆர்.எஃப்.எல். கரைசலில் முக்கி, சூட்டில் பதப்படுத்தியே அனுப்புகிறார்கள். பாலியெஸ்டருக்கு அதற்கும் முன்னால் ஒரு தனிப் பூச்சோ, நூலிலேயே செய்த பதப்படுத்தலோ வேண்டும். இந்தப் பூச்சுக்கு மூன்று எதிரிகள்: வெளிச்சம், ஓசோன், ஈரக்காற்று. டிப் துணி கறுப்பு பாலித்தீன் உறையில் வருவது இதற்காகத்தான். உறையைக் கிழித்து, சாளரத்துப் பக்கம் வெயில் படும்படி வைத்த சுருளில் மேல் சுற்றுகள் நிறம் கறுத்திருக்கும். கத்தரித்து அருகருகே வைத்துப் பார்த்தால் உள்சுற்றின் நிறத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மேல் சுற்றுகளைக் கழித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒட்டு பிடிக்காது. கேலண்டரில் எல்லாம் சரியாகவே தோன்றும், பொருள் உழைக்கத் தொடங்கியதும் அடுக்கு பிரியும்.

வெறும் கையால் டிப் துணியைத் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் படும். சுத்தமான கையுறை போடுங்கள்.

பிறகு நெசவு. ஒரு டெசிமீட்டர் அகலத்தில் எத்தனை பாவு நூல் (நீளவாக்கு நூல்) என்று மூன்று இடத்தில் எண்ணுங்கள்: இரு கரையோரமும் நடுவும். டயர் துணியில் ஊடை நூல் (குறுக்கு நூல்) மெல்லியது, நூல்களைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமே இருக்கிறது. அது வில்லாக வளைந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால், பாவு நூல்களின் இழுவிசை ஒரே சீராக இல்லை என்று பொருள். கரை சுருண்டிருந்தால் அந்தச் சுருள் இடுக்குக்குள் அப்படியே நசுங்கிக் கட்டியாகும். அகலம், துணி இணைப்பின் தடிமன், இணைப்பு நேராக இருக்கிறதா என்பவையும் பாருங்கள். தடித்த இணைப்பு இடுக்கைத் தாண்டும்போது உருளை முகமே காயப்படலாம்.

சூட்டில் துணி எவ்வளவு சுருங்கும் என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. நூலை ஒரு சிறு எடையில் இழுத்துப் பிடித்து, வழக்கமாக 177 டிகிரியில் 2 நிமிடம் வைத்துச் சுருக்கத்தை அளப்பார்கள். நைலானின் சுருக்கம் பாலியெஸ்டரைவிடக் கூடுதல். அதனால்தான் பூசிய நைலான் துணியைக் குளிர்விக்கும் டிரம்களைத் தாண்டும் வரை இழுவிசையைத் தளர்த்தாமல் பிடித்தே கொண்டுபோக வேண்டும். நடுவில் விட்டால் அகலமும் நூல் எண்ணிக்கையும் இரண்டுமே மாறிப்போகும்.

எஃகு நூல் ஓட்டும் இடத்தில் சட்டம் இன்னும் கடுமை. ரப்பர் பிடிப்பது நூலின் மேலுள்ள பித்தளைப் பூச்சைத்தான். ஈரம் பட்டால் அந்தப் பூச்சு கெடும். நூல் கண்டுகள் நிற்கும் அறையில் ஈரப்பதத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். அந்த அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒட்டு கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் படி: ஓட்டத்துக்கு முன்

எதையும் தொடுவதற்கு முன்னால் அவசர நிறுத்தங்களைச் சோதியுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு கயிறையும், பட்டியையும், பொத்தானையும் இயக்கி, உருளை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிடத் தூரம் கூடினால் பராமரிப்பு ஆட்கள் வந்து பார்க்கும் வரை ஓட்டக் கூடாது. இடுக்கில் புரளும் ரப்பரைக் கையால் தள்ளிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அனுபவசாலிகளின் கைகளே மாட்டியிருக்கின்றன. கை போகாது என்று உடம்புக்கே பழக்கிவிடுங்கள். தொங்கும் சட்டை நுனி, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம்.

உருளைச் சூட்டைப் பலகையில் தெரியும் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே ஓடும் நீரின் அல்லது நீராவியின் சூடு. உருளை முகத்தின் சூட்டைத் தொடு வெப்பமானியால் நடுவிலும் இரு ஓரத்திலும் அளக்க வேண்டும். உருளை நின்றிருக்கும்போதோ, பாதுகாப்பான முறை வகுத்திருந்தாலோ மட்டுமே அளந்து பாருங்கள். ஓரம் ஆறியிருந்தால் அங்கே ரப்பர் விறைத்துக் கனம் மாறும்.

இயற்கை ரப்பர் காம்பவுண்டுக்கு உருளைகள் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரிக்குள் ஓடும். எந்த உருளையில் ரப்பர் தொற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதைப் பொறுத்து உருளைக்கு உருளை சில டிகிரி வேறுபாடு வைப்பார்கள். இயற்கை ரப்பர் சூடான உருளையைப் பிடிக்கும். செயற்கை ரப்பர்களில் பல, குளிர்ந்த உருளையைப் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் தகடு தவறான உருளையோடு போய்ச் சுற்றும்போது திகைக்க மாட்டீர்கள்.

நான்காம் படி: ஊட்டமும் பேங்க்கும்

இடுக்குக்கு முன்னால் புரண்டுகொண்டிருக்கும் ரப்பர்க் குவியலை பேங்க் என்பார்கள். தகட்டின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. அது சிறியதாக, முழு அகலத்துக்கும் ஒரே பருமனாக, கயிறு திரிப்பது போல் நிற்காமல் உருண்டுகொண்டிருக்க வேண்டும். பெருத்துவிட்டால் நடுப்பகுதி உருளாமல் தேங்கி ஆறும். ஆறிய மேல்தோல் மடிந்து இடுக்குக்குள் போகும்போது, தகட்டின்மேல் காக்கைக் கால் தடம் மாதிரி கோடுகள் விழும். மடிப்பில் மாட்டிய காற்று கொப்புளமாகும். பேங்க் தீர்ந்துபோனால் அந்த இடத்தில் துணி வெறுமையாகத் தெரியும்.

ஆகவே கட்டி கட்டியாக அள்ளிப் போடாமல், ஃபீட் மில்லிலிருந்து நாடாவாக இடைவிடாமல் ஊட்ட வேண்டும். நாடாவை இப்படியும் அப்படியும் அகலம் முழுக்க ஊசலாட விட்டால் பேங்க் சமமாக நிற்கும். ஊட்டத்தின் சூடும் மாறக் கூடாது. சூடு கூடினால் ரப்பர் இளகி, உருளைகளைப் பிளக்கும் விசை குறைந்து, தகடு மெலியும், ஆறினால் தடிக்கும். உருளை இடைவெளித் திருகைத் தொடாமலே கனம் ஏறி இறங்குகிறது என்றால் மில்லைப் போய்ப் பாருங்கள்.

கலவைத் தகடு தடிமனாக வேண்டுமென்று ஒரே ஓட்டத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைத் தாண்டும்போதே காற்று மாட்டத் தொடங்கும். மெல்லிய தகடுகளாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்குவதே வழி.

ஐந்தாம் படி: முதல் மீட்டர்களில் அளப்பது

இடுக்கின் இடைவெளியும் தகட்டின் கனமும் ஒன்றல்ல. வெளியே வந்ததும் ரப்பர் நீளத்தில் சுருங்கி, கனத்தில் தடிக்கும். சூட்டில் அளந்த எண்ணும் ஆறிய பின் அளந்த எண்ணும் வேறு. விவரக்குறிப்பு எதைச் சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் தகட்டில் 1000 மில்லிமீட்டர் தூரத்துக்கு இரு கோடு போட்டு, வெட்டி எடுத்து, டால்க் தூவிய மேசையில் ஆறவிட்டு மறுபடி அளந்தால் சுருக்கம் தெரியும். 940 ஆகியிருந்தால் 6 சதவீதம். இது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் காம்பவுண்டின் திமிறல் (பழைய வடிவத்துக்குத் திரும்ப இழுக்கும் குணம்) மாறுகிறது என்று பொருள். மூனி எண்ணைப் பாருங்கள், மில்லில் ஓடிய நேரத்தைப் பாருங்கள்.

கனத்தை மைக்ரோமீட்டரால் மட்டும் பார்த்தால் போதாது. மென்மையான ரப்பரை அழுத்தும் விரலுக்கேற்ப அது மாறும். எடையை நம்புங்கள். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் கத்தியால் ஐந்து இடங்களில் வெட்டுங்கள்: இரு ஓரம், நடு, இடையில் இரண்டு. அடர்த்தி 1.15, தேவையான கனம் 1.20 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு வட்டமும் 13.8 கிராம் இருக்க வேண்டும். 13.5 கிராம் காட்டினால் கனம் 1.17. பூசிய துணியில், அதே அளவு வெறும் துணியின் எடையைக் கழித்தால் ஏறிய ரப்பரின் எடை கிடைக்கும். கதிர் அல்லது லேசர் அளவி இயந்திரத்திலேயே பொருத்தியிருந்தாலும் இந்தக் கை எடையை விடாதீர்கள். அளவி சரியாகச் சொல்கிறதா என்பதற்குச் சாட்சி அதுதான்.

ஐந்து எண்களும் ஒரு படம் வரையும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராக ஏறினால், இரு பக்கத் திருகும் இணையாக இல்லை. நடு தடித்து ஓரம் மெலிந்திருந்தால், ரப்பரின் விசையில் உருளைகள் வளைகின்றன. உருளையை நடுவில் சற்றே பருத்ததாகக் கடைந்திருப்பதும், ஒன்றுக்கொன்று சற்றே குறுக்காகத் திருப்பும் வசதியும் இந்த வளைவை ஈடுகட்டத்தான். ஆனால் அந்த ஈடு ஒரு குறிப்பிட்ட விசைக்குப் பொருந்தும். நேற்று அதே அமைப்பில் சமமாக வந்த தகடு இன்று நடு தடிக்கிறது என்றால், காம்பவுண்ட் விறைத்திருக்கிறது அல்லது ஆறிப்போய் வருகிறது. நடு மெலிந்து ஓரம் தடித்தால் அதற்கு நேர்மாறு.

இரு பக்கம் பூசிய துணியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கூரான பிளேடால் நூல்களுக்குக் குறுக்கே வெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். நூல்கள் வரிசையாக வட்டம் வட்டமாகத் தெரியும். மேலே உள்ள ரப்பரும் கீழே உள்ளதும் சமமா? நூலுக்கும் நூலுக்கும் நடுவே ரப்பர் நிறைந்திருக்கிறதா, இருண்ட பள்ளம் தெரிகிறதா? இரண்டு நூல் ஒட்டிக்கொண்டு அடுத்தது விலகி நிற்கிறதா? மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு பக்கம் மெலிந்துபோன துணி, எடைத்தராசில் தப்பித்துவிடும்; இந்த வெட்டுமுகத்தில் தப்பாது.

ஆறாம் படி: குறை வந்தால் தேடும் முறை

குறையைக் கண்டதும் எதையும் திருகாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: அகலத்தில் எந்த இடத்தில்? நீளத்தில் எத்தனை தூரத்துக்கு ஒருமுறை?

ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப வரும் தழும்பு ஏதோ ஒரு உருளையின் வேலை. தூரத்தை அளந்து 3.14-ஆல் வகுத்தால் அந்த உருளையின் விட்டம் வந்துவிடும். பூசிய துணியில் 942 மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஒரு பள்ளம் என்றால் விட்டம் 300 மில்லிமீட்டர். அந்த விட்டத்தில் கேலண்டர் உருளையே இல்லை, ஒரு வழிகாட்டி உருளைதான் இருக்கிறது என்றால் நேராக அங்கே போங்கள். ஒட்டிய ரப்பர்த் துணுக்கு ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருக்கும். வெறும் தகட்டில் சுருக்கத்தால் தூரம் கொஞ்சம் குறைந்தே காட்டும், அதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடும் கீறல், கத்தியிலோ ஓரத் தடுப்பிலோ சிக்கிய கட்டி. தூரக் கணக்குக்கே கட்டுப்படாமல் அங்கொன்று இங்கொன்றாக வருவது சரக்கிலிருந்து வருவது.

கொப்புளத்தை அப்படியே அழுத்தி உடைத்துவிட்டுப் போகாதீர்கள். பிளேடால் நடுவே வெட்டித் திறந்து உள்ளே பாருங்கள். ரப்பருக்குள்ளேயே, இரு பக்கமும் ரப்பர்ச் சுவராக இருந்தால் பேங்க்கிலோ மில்லிலோ மாட்டிய காற்று, அல்லது காம்பவுண்டில் இருந்த ஈரம். அடிப்பக்கம் வெறும் துணி தெரிந்தால் துணியின் ஈரம், ஆறிய துணி அல்லது கெட்ட டிப். வெள்ளைப்பொடி தெரிந்தால் பேட்ச்-ஆஃப் தொட்டி. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. வெட்டிப் பார்க்காமல் சூட்டைக் கூட்டுகிறவர் மூன்றில் ஒன்றில்தான் ஜெயிப்பார்.

கட்டிகளிலும் இரண்டு சாதி உண்டு. ஆறிப்போன ரப்பர்க் கட்டியைச் சூடான மில்லில் போட்டால் கரைந்து சேர்ந்துவிடும். வெந்துபோன கட்டி சேராது. நசுங்கி, பொடிப்பொடியாக உதிர்ந்து, மறுபடி துகளாகத் தலைகாட்டும். ஐயம் இருந்தால் ஒரு துணுக்கை டொலுயீனில் ஊறவிடச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வேகாதது கலைந்துவிடும், வெந்தது உப்பி நிற்கும். ஸ்கார்ச் என்று உறுதியானால் ஓட்டத்தை நிறுத்தி மில்லையும் பேங்க்கையும் முழுக்கக் காலி செய்யுங்கள். வெந்த துகள் ஒன்று மில்லில் தங்கினால் அடுத்த பேட்ச்சையும் கறையாக்கும்.

சுருக்கம் விழுந்து மடிப்பாக ஓடினால், அது தொடங்கும் இடத்தைத் தேடிப் பின்னோக்கி நடங்கள். இடுக்குக்கு முன்பே மடிப்பு இருக்கிறதா? அப்படியானால் விரிப்பு உருளை, நடுவமைப்பு, இழுவிசை, துணியின் தளர்ந்த கரை என்று வரிசையாகப் பாருங்கள். ஊடை நூல் வில்லாக வளைந்த துணியில் எத்தனை விரித்தாலும் மடிப்பு விழும். அந்தச் சுருளை இறக்கிவிடுவதே நேர மிச்சம்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதன் பலன் தகட்டில் தெரியும் வரை காத்திருங்கள். உருளைச் சூடு உடனே மாறாது. மாற்றியதையும், நேரத்தையும், சுருளின் மீட்டர் எண்ணையும் எழுதுங்கள். குறை வந்த நீளத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கரையில் கொடி குத்திவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மீட்டர்கள் நல்ல சுருளோடு கலந்துபோய்விடும்.

ஏழாம் படி: ஆற்றுவது, சுற்றுவது, வைப்பது

சூட்டோடு சுற்றிய சுருள் உள்ளே மெல்ல வெந்துகொண்டே இருக்கும். குளிர் டிரம்களைத் தாண்டிய பிறகு, சுருளின் நடுவில் செருகிய வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மேற்பரப்பின் சூடு ஏமாற்றும். அளவுக்கு மீறிக் குளிர வைப்பதும் வேண்டாம். ஈரக்காற்று உள்ள கூடத்தில் குளிர்ந்த துணியின்மேல் நீர் வியர்க்கும், அது சுற்றுகளுக்கு நடுவே போடும் லைனர் துணிக்குள் அடைபடும்.

லைனரைச் சரக்கின் ஒரு பகுதியாகவே நினையுங்கள். அதன் மடிப்பு ரப்பரில் அச்சாக விழும், அதன் ஈரம் ரப்பருக்கு ஏறும், அதன்மேல் இருந்த முந்தைய காம்பவுண்டின் பொடி ஒட்டைக் கெடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் விரித்துப் பார்த்து, கிழிந்ததையும் கறை படிந்ததையும் தனியே வையுங்கள். துத்தநாக ஸ்டியரேட் பொடியை ஒட்டாமைக்காகத் தூவும் வழக்கம் பக்கத்தில் எங்காவது இருந்தால், பூசிய துணி போகும் பாதைக்கு அது பறந்து வராதபடி பாருங்கள்.

ஒட்டு சோதனைக்கு ஒவ்வொரு துணிச் சுருளிலிருந்தும் துண்டு எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து அழுத்தத்தில் வேகவைத்து, பட்டையாக வெட்டி உரிக்கும் இயந்திரத்தில் பிரிப்பார்கள். வரும் விசையை எழுதிக்கொள்வது சரி. அதைவிட முக்கியம் பிரிந்த முகத்தைப் பார்ப்பது. ரப்பர் ரப்பராகவே கிழிந்து, நூலின்மேல் கறுப்பாக மூடியிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது. நூல் தன் டிப் நிறத்தோடு சுத்தமாக வெளிவந்தால், விசை எண் வரம்புக்குள் இருந்தாலும் அந்தச் சுருளை நிறுத்தி வைத்து, டிப் துணியின் தேதியையும் உறையையும் விசாரியுங்கள்.

ஒவ்வொரு சுருளின் சீட்டிலும் காம்பவுண்ட் பேட்ச் எண், துணிச் சுருள் எண், ஓட்டிய தேதி, நேரம், ஷிஃப்ட், கொடி குத்திய மீட்டர்கள், எடுத்துப் பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். சுருள்களைத் தரையில் படுக்கவைக்காதீர்கள், தன் எடையிலேயே அடிப்பக்கம் நசுங்கித் தட்டையாகும். நடுத்தண்டில் தாங்கி, வெயிலும் நீராவிக் குழாயும் இல்லாத பக்கமாக, முந்தியது முந்தி எடுக்கும்படி நிறுத்துங்கள்.